ஐந்தாவது தட்டு

பேராதனைப் பக்கம் வரைகலை சொல்லிக்கொடுக்கும் ஒருவர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். தன் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டார். ஒரு வடிவத்தை முதல் கிறுக்கலிலிருந்து கடைசித் தாள் வரைக்கும் எப்படி ஒழுங்காகப் பதிந்து வைப்பது என்பதுதான் தலைப்பாம். கண்டியில் இந்த வேலையை என்னைவிட ஒழுங்காகச் செய்த ஆள் கிடையாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் முடியாது என்று சொல்லி ஃபோனை டக்கென்று வைத்துவிட்டேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “யாருங்க அது, காலங்காத்தால சண்டைக்கு வந்தது?” என்றாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. சண்டை எப்போதும் என்னிடமிருந்துதான் கிளம்பும். அந்த மனிதரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்தவன். மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, பள்ளிக்கூடச் சுவரில் கரியால் கிறுக்கியதற்காக முதுகு வீங்க அடி வாங்கி, பதினேழு வயதில் கண்டிக்கு வந்தேன். பத்துப் பன்னிரண்டு வருடம் கண்டவனிடமெல்லாம் வேலை பார்த்துவிட்டு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்தப் பட்டறை போட்டேன். என்னோடு கூட்டுச் சேர்ந்தவர் ஒரு சிங்களவர். தமிழும் ஆங்கிலமும் நான் எழுதுவேன், சிங்கள எழுத்து அவருடையது. அவர் கையில் வளைவுகள் நடுங்காமல் ஓடும். வாய் மட்டும் ஓயாது. நாள் முழுக்கப் பைலாப் பாட்டுப் பாடுவார். நான் நிறுத்தச் சொல்லிக் கத்தினால் இன்னும் சத்தமாகப் பாடுவார்.

பட்டறை தொடங்கிய இரண்டாம் வருடம் ஒரு புடைவைக் கடைக்காரர் என்னை நடுத்தெருவில் வைத்து அறைந்தார். அவர் நீலம் சொன்னாராம், நான் பச்சை அடித்துவிட்டேனாம். அவர் பச்சை என்று சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன். பலகையை ஏற்றிக்கொண்டிருந்த ஏணியின் அடியில் நின்று, “நான் என்ன சொன்னேன், நீ என்ன எழுதி வச்சிருக்க?” என்று கத்தினார். நான் திருப்பிக் கத்தினேன். கன்னத்தில் பளாரென்று விழுந்தது. பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நானும் சும்மா இருக்கவில்லை. பெயின்ட் டின்னைத் தூக்கி அவர் வேட்டி மேலே ஊற்றினேன். அவருக்கும் எனக்கும் நடுவில் நாலு பேர் விழுந்து பிரித்தார்கள். மூன்று நாள் கழித்து அவரே பட்டறைக்கு வந்து, பச்சைதான் சொன்னதாக அவர் மனைவி ஞாபகப்படுத்தினாள் என்று தலையைச் சொறிந்தார். காசு கொடுத்தார், ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தார். பழத்தைத் தின்றேன். அறையை மட்டும் மறக்கவில்லை.

அன்றைக்குத் தொடங்கினேன் பதிந்து வைக்க. இனிமேல் எவனும் நான் அப்படிச் சொல்லவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது. வெறி அதுதான், வேறு எந்தக் கலை நோக்கமும் கிடையாது. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கோப்பு, முதல் கோப்பு அந்தப் பச்சைப் பலகைக்கு. முதல் தாளில் வாடிக்கையாளர் பேசியதை அவர் வாயில் வந்தபடியே எழுதுவேன், திருத்த மாட்டேன். அதன் கீழே அவர் கையெழுத்து, கடை முதலாளியின் முழுப் பெயர். அதற்குப் பின்னால் பென்சிலில் போட்ட முதல் உருவம், பிடிக்காமல் தள்ளிய உருவங்கள், ஒவ்வொன்றையும் ஏன் தள்ளினோம் என்று ஒரு வரி. வர்ணம் தோய்த்த தகரத் துண்டு ஒன்று நூலில் கட்டித் தொங்கும். கடைசியில் ஊசியால் துளை போட்ட தாள். அந்தத் தாளைப் பலகையில் ஒட்டிக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டினால் எழுத்தின் கோடு புள்ளி புள்ளியாக விழும். எல்லாவற்றையும் டேக் கயிறு போட்டுக் கட்டி, ஐந்து தட்டு வைத்த ஒரு பெரிய அலுமாரியில் தெருவாரியாக அடுக்கினேன். மேல் தட்டு ரயில் நிலையப் பக்கம். அங்கிருந்து நடந்து வருகிற வரிசைக்குத் தட்டுகள் கீழே இறங்கும். ஒவ்வொரு தட்டிலும் தெருவின் பெயர் மூன்று மொழியிலும் இருக்கும். சிங்களத்தை என் கூட்டாளி தங்க வர்ணத்தில் எழுதிக் கொடுத்தார்.

அந்த அலுமாரியை வைத்து நான் அடித்த கூத்து கொஞ்சமில்லை. ஒரு கோப்பு இடம் மாறியிருந்தால் வாயில் வந்ததெல்லாம் பேசுவேன். ஒருமுறை கூட்டாளி ஒரு கோப்பின் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டார். கோப்பையை எடுத்துச் சுவரில் அடித்தேன். சில்லு தெறித்து அவர் காதுமடல் கிழிந்தது. அவர் காதைப் பொத்திக்கொண்டு, இந்த அலுமாரியை நீ கல்யாணம் கட்டியிருக்கலாம் என்று சிங்களத்தில் சொன்னார். அதையும் பாட்டாகவே சொன்னார்.

எழுபத்தேழில் கலவரம் வந்தது. கண்டியில் தமிழ் எழுத்து இருந்த பலகைகளைத் தேடித் தேடி உடைத்தார்கள். நான் எழுதிய எழுத்துகள்தான் அவர்களுக்குக் கடையைக் காட்டிக் கொடுத்தன. நல்ல பெரிய எழுத்து, தெருமுனையிலிருந்தே தெரியும். கல் விழுந்த பலகைகளை வண்டியில் போட்டுக்கொண்டு கடைக்காரர்கள் பட்டறைக்கு வந்தார்கள். ஒருவருக்கு மண்டையில் கட்டு, ஒருவருக்கு முன்பல் இரண்டு இல்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான். தமிழ் வேண்டாம். பெயரும் வேண்டாம். சிங்களக் கடை மாதிரி மாற்றிக் கொடு.

என் எழுத்தை நானே அழிக்க எனக்கு மனசில்லை. ஆனால் வேலை என்று வந்தபிறகு எனக்குள் வேறொரு ஆள் எழுந்துவிடுவான். பக்கத்துக் கடைக்காரனுக்கு முதலாளி யார் என்று தெரியும், அவனை ஏமாற்ற முடியாது. ஏமாற்ற வேண்டியது வெளியிலிருந்து லொறியில் வந்து குதிக்கிறவனை. அவன் கையில் கல்லோடு அண்ணாந்து பார்ப்பது ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த நேரத்துக்குள் இது நம்ம ஆளின் கடை என்று அவனுக்குத் தோன்ற வேண்டும். அதற்காக நானும் கூட்டாளியும் நாட்கணக்கில் உட்கார்ந்தோம். எந்த மஞ்சள், எந்தச் சிவப்பு, தாமரை எத்தனை இதழ், பெயருக்கு முன்னால் எந்த ஊரைப் போட்டால் நம்புவார்கள். ஒரு வடிவத்துக்கு இத்தனை கவனமாக நான் முன்பும் உழைக்கவில்லை, பின்பும் உழைக்கவில்லை. என்னை அறைந்த புடைவைக் கடைக்காரரும் வந்தார். அவருக்கும் செய்து கொடுத்தேன். கண்டியிலேயே அதுதான் மிகச் சிறந்த பொய் என்று கூட்டாளி சொன்னார்.

அப்புறம் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். புதுக் கோப்பு போடாமல், பழைய கோப்பைத் திறந்து பழைய தமிழ் உருவத்துக்கு மேலேயே புதிய சிங்கள உருவத்தையும், இப்போது பேசியதை எழுதிய புது முதல் தாளையும் வைத்துக் கட்டினேன். பழையது, புதியது என்று சிவப்பு மையில் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் கலவரம் என்று எழுதினேன். ஒரு வடிவம் எங்கே தொடங்கி எங்கே போனது என்பது ஒரே கட்டில் இருக்க வேண்டும் என்பது என் சட்டம். அந்தச் சட்டத்தை ஊர் பற்றி எரிந்தபோதுகூட நான் மாற்றவில்லை.

மாற்றாதது போதாதென்று பெருமை வேறு அடித்தேன். தேர்தல் காலத்தில் பதாகை எழுதித் தரச் சொல்லி ஒருவன் வருவான். கட்சிக்காரன், சந்தைப் பக்கத்தில் எல்லோருக்கும் அவனைப் பார்த்தால் நடுக்கம். என் எழுத்து பதாகையில் எடுபடுமா என்று அவன் சந்தேகப்பட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அலுமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து, பழைய தாளையும் புதிய தாளையும் அவன் முன்னால் விரித்தேன். இந்தக் கடையை நீங்கள் எத்தனை முறை தாண்டிப் போயிருப்பீர்கள், தமிழன் கடை என்று எப்போதாவது தோன்றியதா என்று கேட்டேன். அவன் தாளைப் பார்த்தான், அலுமாரியைப் பார்த்தான். “ஹரி ஷோக், மாஸ்டர்” என்று சிரித்து என் தோளில் தட்டினான். பிரமாதம் என்று பாராட்டினான். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது. கூட்டாளி மட்டும் பாடாமல் இருந்தார்.

எண்பத்து மூன்றில், ஒரு திங்கட்கிழமை, கொழும்பு எரிகிறது என்று செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். “போகாதீங்க. போனா நான் உசுரோட இருக்க மாட்டேன்” என்றாள். அவளைத் தள்ளிவிட்டுத்தான் போனேன். நான் பட்டறைக்குப் போனபோது கூட்டாளி ஏற்கெனவே வந்து அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல்.

“ஒக்கோம புச்சலா தாமு” என்றார். எல்லாவற்றையும் கொளுத்திவிடுவோம் என்றார்.

எனக்குத் தெரியும் அவர் சொல்வது சரி என்று. சரி என்று தெரிந்துதான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த அலுமாரியில் இருந்தது என் மூளை. நான் யோசித்த ஒவ்வொன்றும், தப்புச் செய்த ஒவ்வொன்றும் அதில் இருந்தது. அது போய்விட்டால் நான் வெறும் பெயின்ட் பூசுகிறவன். அவர் மேல் தட்டில் கை வைத்து ஒரு கோப்புக் கட்டை இழுத்தார். எழுதும்போது கையைத் தாங்கிக்கொள்ள ஒரு கோல் வைத்திருப்போம், அது என் கையில் இருந்தது. அதால் அவர் முகத்தில் அடித்தேன். புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. எனக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த மனிதனை அடித்தேன். அவர் திருப்பி அடிக்கவில்லை. துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, அப்படியென்றால் என்னதான் செய்யப் போகிறாய் என்று கேட்டார்.

ஒவ்வொரு கோப்பிலிருந்தும் இரண்டு தாளை மட்டும் எடுத்துவிடலாம் என்றேன். பழைய உருவம் ஒன்று, கையெழுத்துள்ள முதல் தாள் ஒன்று. மிச்சம் இருக்கட்டும். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குத் தெரிகிறது. பைத்தியக்காரனைப் பார்க்கிற பார்வை.

முதல் தட்டிலிருந்து ஆரம்பித்தேன். எனக்கு நடுவிலிருந்து ஆரம்பிக்க வராது. கயிற்றை அவிழ்த்து, இரண்டு தாளை உருவி, மறுபடி கட்டி, அட்டையில் இரண்டு தாள் நீக்கப்பட்டது என்று எழுதினேன். ஆம், எழுதினேன். உருவிய தாள்களைக் கூட்டாளி வெறும் பெயின்ட் டின்னில் போட்டு எரித்தார். “சீக்கிரம், சீக்கிரம்” என்று அவர் சொல்லச் சொல்ல நான் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் தட்டு முடிந்தது. இரண்டு முடிந்தது. மார்க்கெட் பக்கம் கூச்சல் கேட்டது. மூன்றாவது முடிந்தது. நாலாவது தட்டில் பாதி வந்தபோது கதவை உதைத்தார்கள்.

பதாகைக்காரன் முன்னால் வந்தான். பின்னால் எட்டுப் பத்துப் பேர், கையில் இரும்புக் கம்பி, ஒருவனிடம் பெற்றோல் கேன். அவன் கோபமாகக்கூட இல்லை. “மாஸ்டர், ஃபைல் டிக்க கோ?” என்றான். கோப்புகள் எங்கே என்று கேட்டான், கடையில் சாமான் கேட்கிற மாதிரி.

கூட்டாளி அலுமாரிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். இதெல்லாம் என்னுடைய வேலை, எல்லாம் சிங்களக் கடைகள் என்றார். கம்பியை வைத்திருந்தவன் அவர் முழங்காலில் ஓங்கி அடித்தான். எலும்பு உடைகிற சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் விழுந்து துடித்தார். விழுந்தவரை வயிற்றில் உதைத்தார்கள், துரோகி என்று சொல்லிச் சொல்லி உதைத்தார்கள். நான் பாய்ந்தேன். இரண்டு பேர் என்னைப் பிடித்து மேசையில் கவிழ்த்து, வலது கையை இழுத்து விரித்து வைத்தார்கள். என்னுடைய சுத்தியல்தான். மூன்று முறை இறக்கினார்கள். முதல் அடிக்கு வலித்தது. அப்புறம் கை என்னுடையது மாதிரியே இல்லை.

என்னிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை. தட்டுகளில் தெருப் பெயர் சிங்களத்தில் தங்க எழுத்தில் இருந்தது. தாளில் சிவப்பு மையில் பழையது, புதியது என்றிருந்தது. தமிழ் தெரியாதவனுக்கும் ஒரே கட்டில் இரண்டு படமும் இருந்தால் புரிந்துவிடும். நான் கை வைத்துவிட்ட தட்டுகளைப் புரட்டிப் பார்த்து எறிந்தார்கள். நாலாவதில் மிச்சமிருந்ததையும் ஐந்தாவது தட்டையும் எடுத்தார்கள். அவற்றில் பழையதும் புதியதும் சேர்ந்திருந்தது ஏழு கோப்பு.

அவர்கள் போனதும் நான் பின்னாலேயே ஓடினேன். இந்த இடத்தில் எல்லோரும் எதிர்பார்ப்பதை எழுத எனக்கு ஆசைதான். ஆட்களை எச்சரிக்க ஓடினேன் என்று எழுதலாம். அது உண்மையில்லை. என் கோப்புகளைக் கொண்டுபோகிறார்களே என்று ஓடினேன். உடைந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினேன். உடைந்த முழங்காலோடு கூட்டாளி தரையில் கிடந்தார். அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு கடையும் நான் போவதற்குள் எரிந்துகொண்டிருந்தன. பூட்டிவிட்டு ஆட்கள் போயிருந்த கடைகள். புடைவைக் கடைத் தெருவுக்குள் திரும்பினபோது தெருவே புடைவையாகக் கிடந்தது. கட்டுக் கட்டாக வெளியே இழுத்துப் போட்டு, அதன் மேல் பெற்றோல் ஊற்றி, கடைக்குள்ளும் ஊற்றி, பற்ற வைத்துவிட்டார்கள். என் பலகை அப்படியே தாமரையோடு மேலே இருந்தது. அதற்கு மேலே சன்னல். சன்னலில் என்னை அறைந்த அந்தக் கடைக்காரரின் முகம் தெரிந்தது.

மற்ற ஆறு கடைகளிலும் யாரும் குடியிருக்கவில்லை. இவர் மட்டும் குடும்பத்தோடு கடைக்கு மேலேயே இருந்தார். அவர், மனைவி, பதினாறு வயது மகள். பின்பக்கம் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. அந்தக் கடைக்காரரும் அவர் தம்பியும் தங்கள் கூரையில் ஏறி ஒரு ஏணியைப் பின்பக்கச் சன்னலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மகள் அதில் வந்துவிட்டாள். “மொதலாளி, நீங்களும் வாங்க, வாங்க” என்று அவர்கள் கத்தியிருக்கிறார்கள். அவர் வரவில்லை. மனைவிக்கு நடக்க முடியாது. அவளைத் தூக்கிவரத் திரும்பிப் போனார். மாடிக்கு மரத் தளம். இரண்டு பேரோடும் அது கீழே இறங்கியது. அலறல் நின்றதும் தெருவில் நின்றவர்கள் சிலர் கைதட்டினார்கள். நான் பார்த்தேன்.

பதாகைக்காரன் என்னைக் கண்டுகொண்டான். கக்கத்திலிருந்த கோப்பை எடுத்து என் காலடியில் எறிந்தான். “இந்தாங்க மாஸ்டர், இதோட வேலை முடிஞ்சது” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த கோப்பைப் பிரித்துக்கொண்டு நடந்தான்.

கயிறு அவிழ்ந்து தாள்கள் தார்ரோட்டில் பரவிக் கிடந்தன. நான் மண்டியிட்டு அவற்றைப் பொறுக்கினேன். பொறுக்கியதோடு விட்டேனா? முதல் தாள், அடுத்தது உருவம், அடுத்தது தள்ளியவை என்று இடது கையால் வரிசைப்படுத்தினேன். பத்து அடி தூரத்தில் இரண்டு பேர் வெந்துகொண்டிருந்தார்கள். நான் தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவு வருவது இதுதான். அதிர்ச்சியில் அப்படி நடக்கும் என்று வைத்தியர் ஒருவர் சொன்னார். அவர் நல்ல மனிதர்.

கை பிறகு கூடியது, கோணலாகக் கூடியது. கூட்டாளி கடைசிவரை ஒரு காலை இழுத்துத்தான் நடந்தார். பலகை எழுத என் கையால் முடியாததால் நான் உருவம் மட்டும் போட்டேன், அவர் எழுதினார். அந்த நாளைப் பற்றி நாங்கள் ஒரு சொல் பேசிக்கொண்டதில்லை. பைலாவும் நின்றுவிட்டது. என் சாதிசனம் பேசியது வேறு. அன்றைக்கு வாங்கிய அறையை மனதில் வைத்துத்தான் அந்த ஆளைக் கடைசியில் விட்டான் என்று மார்க்கெட்டில் பேசினார்கள். ஒருவனைச் சட்டையைப் பிடித்து வடிகாலில் தள்ளினேன். ஆனால் எத்தனையோ முறை எனக்குள்ளேயே தேடிப் பார்த்திருக்கிறேன். வஞ்சம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அது மனிதனுக்கு உள்ளதுதான். அப்படி ஒன்றும் இல்லை. அவர் ஞாபகமே எனக்கு வரவில்லை. தெரு வரிசைதான் ஞாபகத்தில் இருந்தது. எனக்கு நானே சொல்லிக்கொண்டது, மூன்று தட்டைக் காப்பாற்றினேன், ஒரு மனிதனால் அவ்வளவுதான் முடியும் என்று. தெருவில் பொறுக்கிய அந்தக் கோப்பை ஒரு பழைய தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். பத்து வருடத்துக்கு மேல் திறக்கவில்லை.

ஒரு நாள் பகல் அந்தப் புடைவைக் கடைக்காரரின் மகள் வந்தாள். ஹட்டன் பக்கம் சித்தி வீட்டில் வளர்ந்து, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாளாம். யார் என்று அவளே சொன்ன பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

“எங்க கடை எடத்துல வேற ஆளு கட்டடம் கட்டி உக்காந்திருக்காரு. உறுதிப் பத்திரம் எல்லாம் எரிஞ்சிருச்சு. அப்பாதான் அங்க கடை நடத்துனாருன்னு காட்ட ஒரு துண்டுக் கடுதாசி இல்லைனு அரசாங்கக் கச்சேரியில சொல்றாங்க” என்றாள். பிறகு கொஞ்சம் சிரித்தாள். “அப்பா உங்களப் பத்தி வீட்டுல சொல்லிச் சிரிப்பாரு. போர்ட்காரரு முன்னால தும்முனாக்கூட எழுதிக் கையெழுத்து வாங்கிருவாருன்னு. அதான் கேக்கலாம்னு வந்தேன் ஐயா. ஏதும் இருக்குமா?”

நான் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன். கோப்பை அவள் மடியில் வைத்தேன். அட்டையில் செருப்புத் தடம் காய்ந்து போயிருந்தது. அவள் சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்தாள். தாள்கள் வரிசையாக இருந்தன. முதல் தாளை எடுத்துத் தகப்பனின் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அதற்கு மேலே என் எழுத்தில் இருந்ததை, அவள் அப்பா எழுபத்தேழில் என் பட்டறையில் நின்று பேசியதை, வாய்விட்டுப் படித்தாள்.

“பேரு என்னவா இருந்தாலும் பரவால்ல தம்பி, உங்க இஷ்டம். போர்ட மட்டும் ஒரு அடி எறக்கிப் போடுங்க. மேல சன்னலு மறஞ்சிரக் கூடாது. சம்சாரத்துக்கு எந்திரிச்சு நடக்க ஏலாது. படுத்த வாக்குல ரோட்டத்தான் பாத்துக்கிட்டு இருப்பா.”

அவள் குரல் அப்பாவின் குரலாகவே இருந்தது. எனக்கு அந்த வரிகள் சுத்தமாக மறந்துவிட்டிருந்தன. எழுதி வைத்துவிட்டால் பிறகு ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் அத்தனை கோப்புகளின் வசதியும். நான் ஏணியில் நின்று பலகையை ஒரு அடி இறக்கிப் பூட்டியிருக்கிறேன். அந்தச் சன்னலை என் கையால் அளந்திருக்கிறேன்.

அவள் அழுது முடித்துவிட்டு, “எல்லாம் எரிஞ்ச நாள்ல இது மட்டும் எப்படிங்க தப்புச்சு?” என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் செருப்புத் தடம் இப்போது அவள் விரலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே சொன்னேன். பதாகைக்காரனிடம் பெருமை அடித்ததை, கூட்டாளியை அடித்ததை, முடிச்சுப் போட்டதை, தட்டு தட்டாக இறங்கி வந்ததை, எல்லாம் சொன்னேன். என் மனைவி தேத்தண்ணியோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கும் இதெல்லாம் புதிது.

“எங்க தெரு எத்தனாவது தட்டு?” என்று மகள் கேட்டாள்.

“அஞ்சாவதும்மா.”

“ஆளுங்க குடியிருந்த கடை எத்தன?”

“ஒன்னுதான்.”

“அது உங்களுக்குத் தெரியுமா?”

நான் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். “எழுதி வச்சிருந்தேன்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். தாள்களைச் சேர்த்துத் தட்டிக் கயிற்றைக் கட்டினாள், கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். தேத்தண்ணியைத் தொடவில்லை. வாசலில் நின்று, “கையெழுத்து அப்பாவோடதுதான்னு கச்சேரியில வந்து சொல்லணும். வருவீங்களா?” என்றாள்.

“கட்டாயம் வாறேன்மா.”

“வந்தா அத மட்டும் சொல்லுங்க. எங்கம்மாவப் பத்தி ஒரு வார்த்த உங்க வாயிலேர்ந்து வரக் கூடாது.”

நான் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தக் கையெழுத்து யாருடையது, சன்னல் என்று ஏதோ எழுதியிருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். கையெழுத்து இவருடைய தகப்பனாருடையது என்றேன். சன்னல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.